கடலோர வீடும் கடைக்காலமும்

பணி ஓய்வு நெருங்கும் அகவையில் மாந்தர் உள்ளத்தில் எழும் வினாக்கள் பல. பணம் போதுமா என்னும் வினாவுக்குக் கணக்கேடு விடை தரும். உடல் தாங்குமா என்னும் வினாவுக்கு மருத்துவர் ஓரளவேனும் விடை தருவார். இனி எங்கே வாழ்வது என்னும் வினாவுக்குப் பொறுப்போடு விடை கூறுவார் அரியர். கூற முன்வருபவர் பெரும்பாலும் வீடு விற்பவராக இருக்கிறார். அவர் நீட்டும் விளம்பரத் தாளில் நீலக்கடல் இருக்கும். சாய்ந்த தென்னை இருக்கும். நரைத்த தலையர் இருவர் கைகோத்து மணலில் நடந்து செல்வர். மூன்றாவது மனிதர் எவரும் அப்படத்தில் இருப்பதில்லை. அண்டை வீட்டார் இல்லை; மீன் விற்பவர் இல்லை; பிள்ளை இல்லை; மருத்துவரும் இல்லை.

வீடு வாங்குவது வசதியைப் பொறுத்த செயல், அதில் அறத்துக்கு என்ன வேலை என்று கேட்போர் உண்டு. இளையவர் வீடு வாங்கும்போது அக்கூற்று ஓரளவு பொருந்தும். தவறான இடத்தைத் தேர்ந்துவிட்டால் அவர் அதை விற்றுவிட்டு வேறிடம் செல்வார். தவற்றின் விலையையும் தாமே செலுத்துவார். முதியவர் நிலை வேறு. அவர் தேரும் இடம் பெரும்பாலும் இறுதி இடமாக அமைந்துவிடுகிறது. அத்தேர்வின் விளைவு அவருடைய துணைவிமீதும், மக்கள்மீதும், சென்று சேரும் ஊரின்மீதும் விழுகிறது. தேர்பவர் ஒருவர், சுமப்பவர் வேறு ஒருவர் என்னும் நிலை எங்கே தோன்றுகிறதோ அங்கே வினா வசதியின் எல்லையைக் கடந்து அறத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது.

வெப்பக் கடற்கரையில் முதுமையைக் கழிக்கும் வழக்கம் குளிர்நாடுகளில் பிறந்தது. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் உழைத்து ஓய்ந்தவர்கள் ஸ்பெயின் நாட்டின் மத்தியதரைக் கடற்கரையை நாடினர். அமெரிக்காவின் வடமாநிலத்தார் புளோரிடாவை நாடினர். அந்நாட்டம் காரணமற்றது அன்று. பனி உறைந்த படிக்கட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் அச்சம் அந்நாட்டு முதியவர்க்கு ஒவ்வொரு குளிர்காலத்திலும் உண்டு. பிற்பகலிலேயே இருண்டுவிடும் அந்த மாதங்களில் தனியே வாழும் முதியவர் வெளியே வராமல் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க நேர்கிறது. அவர்களுக்கு வெயில் ஒரு மருந்து. அம்மருந்தைத் தேடி அவர்களுள் சிலர் மலேசியாவுக்கும் வந்தனர். நரைமுடியாளருக்கான திட்டம் என 1996இல் தொடங்கி, 2002இல் 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' எனப் பெயர் மாறிய அரசுத் திட்டம் அவர்களுக்கு நீண்டகாலத் தங்கும் இசைவை வழங்கியது. பினாங்கின் தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி ஆகிய இடங்களின் அடுக்குமாடிகளில் பிரித்தானியரும் ஜப்பானியரும் குடியேறினர். 2021இல் அத்திட்டத்தின் நிபந்தனைகள் கடுமையாக்கப்பட்டன. பின்னர் மறுபடியும் மாற்றப்பட்டன. பிரிட்டன் 2020 ஜனவரி 31ஆம் நாள் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகியபோது ஸ்பெயினில் குடியிருந்த பிரித்தானிய முதியவர்க்கும் இத்தகைய கலக்கமே நேர்ந்தது. முதுமையில் வேற்றிடம் புகுபவர், தமக்கு வாக்குரிமை இல்லாத ஓர் அவையின் முடிவுக்குத் தம் இறுதிக்காலத்தை ஒப்படைக்கிறார். அதை அறிந்தே செய்கிறார் என்றால் அதில் குறைகூற ஒன்றுமில்லை.

ஆனால், பிறந்த நாள்முதல் வெயிலிலேயே வாழ்ந்த ஒருவருக்கு வெப்பக்கரை எந்த நோய்க்கு மருந்து? மலேசியத் தமிழர் ஒருவர் கடலோர வீட்டை விரும்புகையில் அவர் தேடுவது வெப்பம் ஆகாது. ஊர்தி நெரிசலும், இரைச்சலும், முப்பது ஆண்டு அலுவல் தொல்லையும் இல்லாத ஓர் இடத்தை அவர் தேடுகிறார். இன்னும் உள்ளே சென்று பார்த்தால், எவரும் தம்மை எதற்கும் அழைக்காத ஓர் இடத்தைத் தேடுகிறார். 'ஓய்வு' என்னும் சொல்லுக்கு அவர் அவ்வாறு பொருள் கொண்டுவிட்டார். பணியிலிருந்து ஓய்வதும் மாந்தரிடமிருந்து ஓய்வதும் ஒன்றா என்பதே இக்கட்டுரையின் வினா.

எடுத்துக்காட்டுக்காகத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரை எண்ணிக்கொள்க. அரசுப் பணியாளரின் கட்டாய ஓய்வு அகவை முன்னர் 55 ஆக இருந்து, படிப்படியாக உயர்ந்து, 2012 முதல் 60 ஆயிற்று. அவரும் 60 நிறைந்து பணிக்கொடையும் ஓய்வூதியமும் பெறுகிறார். காஜாங்கில் ஒரு தாமானில் இணைவீடு ஒன்று அவருக்கு உண்டு, கடன் தீர்ந்துவிட்டது. மகன் ஷா ஆலாமில், மகள் ஜொகூரில். அவ்வீட்டை விற்றுவிட்டுப் போர்ட்டிக்சனில் கடலை நோக்கிய அடுக்குமாடி வீடொன்றை வாங்க அவர் விரும்புகிறார். துணைவியார் மறுக்கவில்லை, ஒப்பினார் என்றும் கூற இயலாது. "உங்கள் விருப்பம்" என்கிறார். இத்தகைய குடும்பங்கள் நாட்டில் பல உண்டு.

போர்ட்டிக்சன் விரும்பத்தக்க ஊரே. தலைநகரிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். சிரம்பானிலிருந்து ஏறக்குறைய 30. ஈயம் ஏற்றுவதற்காக 1891இலேயே சிரம்பானிலிருந்து இருப்புப்பாதை போடப்பட்ட துறைமுகம் அது. சுற்றிலும் இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தமையால் தமிழ்மக்களும், அவர்கள் எழுப்பிய கோயில்களும், தமிழ்ப்பள்ளிகளும் அங்கு உண்டு. ஊருக்குத் தெற்கே தஞ்சோங் துவான் முனையில் பழைய கலங்கரை விளக்கம் நிற்கிறது. அம்முனை நெகிரி செம்பிலான் நிலத்தால் சூழப்பட்டிருந்தும் மலாக்கா மாநிலத்துக்கு உரியது என்பது மாணவர்க்கு ஒரு சுவையான நிலநூற் செய்தி. பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் சுமத்திராவிலிருந்து நீரிணையைக் கடந்து வரும் வேட்டைப் பறவைகள் அங்கேதான் கரையேறுகின்றன. கரையேறியவை அங்கே தங்குவதில்லை; இளைப்பாறிவிட்டு வடக்கே பறந்துவிடுகின்றன.

ஊரைப் பற்றி இவ்வளவு அறிந்தவர் கூட, அங்குள்ள அடுக்குமாடி எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிய முற்படுவதில்லை. சனிக்கிழமை சென்று வீட்டைப் பார்க்கின்றனர். அன்று நீச்சற்குளத்தில் குழந்தைகள் கூச்சலிடுகின்றனர். கூடத்தில் மீன் சுடும் மணம் வீசுகிறது. மின்தூக்கி ஓயாமல் ஏறி இறங்குகிறது. ஞாயிறு மாலை ஊர்திகள் வரிசையாகத் தலைநகர் திரும்பிவிடும். செவ்வாய்க்கிழமை இரவு அக்கட்டடத்தின் முன் நின்று எத்தனை சன்னல்களில் விளக்கெரிகிறது என்று எண்ணிப் பார்த்தவர்க்கே உண்மை புலப்படும். பல வீடுகளின் உரிமையாளர் விடுமுறைக்கு மட்டும் வருபவர். சிலர் வாடகைக்கு விடவே வாங்கியவர். அங்கே வாழாதவர்க்குப் பராமரிப்புக் கட்டணம் செலுத்துவதில் அக்கறை குறைவு. 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி மேலாண்மைச் சட்டம் கட்டணத்தையும், அதன்மேல் பத்து விழுக்காட்டைச் சேம ஒதுக்கீடாகச் செலுத்துவதையும் கடமையாக்கியிருக்கிறது. சட்டம் கடமையாக்கினும், பாதிப் பேர் செலுத்தாத கட்டடத்தில் மின்தூக்கி பழுதானால் அதைச் சீர்செய்யப் பணம் எங்கிருந்து வரும்? கடற்காற்றில் உப்பு உண்டு. அது சன்னற் கம்பியை அரிக்கும், குளிர்சாதனத்தை அரிக்கும், மின்தூக்கியின் இரும்பையும் விடாது. ஏழாம் மாடியில் வாழும் எழுபத்தைந்து அகவை மூட்டுவலியாளர் ஒருவருக்கு நின்றுபோன மின்தூக்கி எத்தகையது என்பதை விளம்பரத் தாள் எழுதாது. 1997ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது நாட்டில் பல கட்டடங்கள் பாதியிலேயே நின்றுபோயின என்பதையும், கட்டி முடியாத வீட்டுக்குத் தவணை செலுத்தியவர்கள் இருந்தனர் என்பதையும் நினைவிற்கொள்வோர் இப்போது குறைந்து வருகின்றனர்.

கடலும் என்றும் ஒரு முகம் காட்டுவதன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, சுமத்திராவின் மறைவில் இருப்பதால் தீங்கு வராது என நம்பப்பட்ட மலேசியக் கரையிலும் 68 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் மிகப் பலர் பினாங்கில் இறந்தவர். இது கடலோரம் எவரும் வாழலாகாது என்பதற்கான சான்று ஆகாது. மீனவர் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்கின்றனர். ஆனால், கடலின் குறிப்பறிந்த அண்டை வீட்டார் நடுவே வாழ்வதும், காலியான மாடிகளின் நடுவே வாழ்வதும் வேறு வேறு. தமிழ் இலக்கண மரபு கடலும் கடல்சார்ந்த நிலமுமாகிய நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்தது. குறிஞ்சியில் கூடலையும் மருதத்தில் ஊடலையும் வைத்தவர்கள், அலைகள் ஓயாத கரையில், வராதவரை எண்ணி வருந்தும் நெஞ்சத்தை வைத்தனர். நிலங்களை நன்கு கண்டவர்கள் அவர்கள்.

தலைமையாசிரியரின் துணைவியாரிடம் மீண்டும் வருதல் வேண்டும். மலேசியாவில் பெண்களின் சராசரி வாழ்நாள் ஆண்களின் வாழ்நாளைவிட நான்கைந்து ஆண்டுகள் கூடுதலானது. நம் குடும்பங்களில் கணவர் மனைவியைவிட மூன்று முதல் ஐந்து ஆண்டு மூத்தவராக இருப்பதே பெருவழக்கு. இவ்விரு தொகைகளையும் கூட்டிப் பார்க்கத் தெரிந்த எவரும் அடுத்த செய்தியை அறிவார்: கடலோர வீட்டைத் தேர்பவர் கணவர், அவ்வீட்டில் ஏழெட்டு ஆண்டுகளேனும் தனித்து வாழப்போகிறவர் பெரும்பாலும் மனைவி. ஆயினும் வீடு தேரும் பேச்சில் அந்த ஆண்டுகள் இடம்பெறுவதில்லை. இறப்பைப் பற்றிப் பேசுவது நற்குறியன்று என்று ஒதுக்கிவிடுகின்றனர். அவ்வாறு ஒதுக்குவது அன்பு போலத் தோன்றினும், விளைவை நோக்கினால் அது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதே ஆகும்.

காஜாங்கில் அந்த அம்மையாருக்கு என்ன உண்டு? நடந்து சென்றால் பத்து நிமிடத்தில் கோயில். வெள்ளிக்கிழமைகளில் அங்கே மாலை கட்டும் பெண்கள் நால்வர். பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டி. இருவருக்கும் பொதுவான மொழி உடைந்த மலாய்தான், எனினும் முப்பது ஆண்டுகளாக வேலியின் மேலாகக் கீரையும் பலகாரமும் கைமாறி வருகின்றன. காலைச் சந்தையில் கணக்கெழுதிக் கடன் கொடுக்கும் கடைக்காரர். இவற்றுள் ஒன்றையும் சொத்துப் பட்டியலில் எழுத முடியாது. வீட்டை விற்கும்போது இவற்றுக்கு விலை மதிப்பிடுபவரும் இல்லை. ஆனால், ஒரு நாள் காலை கதவு திறக்கப்படாவிட்டால் பத்து மணிக்குள் வந்து தட்டுபவர்கள் இவர்களே. கார் ஓட்டத் தெரியாத ஒரு பெண்மணியை, கணவருடைய காரை நம்பியே கோயிலுக்கும் கடைக்கும் மருத்துவமனைக்கும் செல்ல வேண்டிய இடத்தில் குடியமர்த்தி, பின்னர் அக்கணவர் மறைந்துவிட்டால், எஞ்சுவது கடல் மட்டுமே. அவர் ஆயுள் முழுதும் சமைத்து, பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பி, கணவரின் மேலாளர்களுக்குத் தேநீர் வழங்கியவர். அவருக்குப் பணி ஓய்வு என ஒரு நாள் எப்போதும் குறிக்கப்படவில்லை. கடலோர வீட்டிலும் அடுப்பு உண்டு.

"பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கக் கூடாது" என்பது இத்தகைய இடமாற்றத்துக்குக் கூறப்படும் உயர்ந்த காரணம். தன்மதிப்பிலிருந்து பிறக்கும் சொல் என்பதால் அதை எளிதில் மறுத்துரைக்கலாகாது. மகன் வீட்டின் ஓரறையில் ஒடுங்கிக் கிடப்பதும், பேரப்பிள்ளைகளைக் காக்கும் ஊதியமற்ற ஆளாக ஆக்கப்படுவதும் எல்லா முதியவர்க்கும் இனிப்பன அல்ல. பல வீடுகளில் கூட்டுக் குடும்பத்தின் பெருமை மேடையில் மட்டும் பேசப்படுகிறது. ஆனால், தொலைவுக்குச் செல்வதால் பாரம் குறைந்துவிடுகிறதா? தந்தை குளியலறையில் வழுக்கி விழுந்த செய்தி இரவு பதினொரு மணிக்கு வந்தால் மகன் ஷா ஆலாமிலிருந்து புறப்பட வேண்டும். ஊரிலுள்ள மருத்துவமனை மாவட்ட மருத்துவமனை. நோய் முற்றினால் சிரம்பானிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு மாற்றுவார்கள். மகன் விடுப்பெடுத்து மூன்றிடத்துக்கும் அலைவார். அலைய முடியாத மகன் குற்றவுணர்வால் வாடுவார். பாரம் குறையவில்லை, மகன் அதைச் சுமந்து நடக்க வேண்டிய தொலைவுதான் கூடிற்று. மேலும், பாரம் என்னும் சொல்லே ஆராய்தற்குரியது. தாங்கப்படுவது இழிவு என்றால், குழந்தைப் பருவத்தில் ஒவ்வொருவரும் அந்த இழிவில்தான் வளர்ந்தனர்.

இங்கே சங்கப் புலவர் பிசிராந்தையாரை நினைப்பது பொருந்தும். ஆண்டுகள் பல ஆகியும் உமக்கு நரை தோன்றாதது எவ்வாறு என்று கேட்டோர்க்கு அவர் கூறிய விடை புறநானூற்றில் இடம்பெற்றிருக்கிறது. தமிழாசிரியர் அனைவரும் அதை மாணவர்க்கு நடத்தியிருப்பர். அவர் தம் உணவைக் காரணமாகக் கூறவில்லை. ஊரின் காற்றையும் நீரையும் கூறவில்லை. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தம் குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், தீது செய்யாது காக்கும் மன்னன், இவற்றுக்கு மேலாக அடக்கமும் கொள்கையும் உடைய சான்றோர் பலர் தம் ஊரில் வாழ்வது ஆகியவற்றையே கூறினார். முதுமையை அண்டவிடாத மருந்தாக அவர் எண்ணிய எல்லாம் மாந்தரே.

ஆனால், அவருடைய கதை அவ்விடத்தில் முடியவில்லை என்பதை வகுப்பறையில் பலர் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். நரை தோன்றாமல் தம்மைக் காத்த அவ்வூரைவிட்டு அவரே இறுதியில் புறப்பட்டார். பாண்டிநாட்டுப் பிசிரிலிருந்து சோழநாட்டுக்கு நடந்து, முன்பின் கண்டிராத நண்பன் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த இடத்தைச் சேர்ந்தார். அவர் வருவார் என்று உறுதியாக நம்பிய மன்னன் அவருக்கென ஓர் இடம் ஒதுக்கச் செய்திருந்தான். ஆகவே பிறந்த ஊரிலேயே கிடந்து சாக வேண்டும் என்பது அவர் வாழ்க்கை கூறும் செய்தி ஆகாது. அவர் இருந்ததும் மாந்தர்பொருட்டு. நீங்கியதும் ஒரு மனிதர்பொருட்டு. முதுமையில் இடம்பெயர்வதா, இருப்பதா என்னும் வாதத்தில் இரு தரப்பாரும் அவரைத் தம் பக்கம் இழுக்க முயன்றால் இரு தரப்பாருக்கும் ஏமாற்றமே மிஞ்சும்.

'தேர்வு' என்னும் சொல்லைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். இந்நாட்டுத் தமிழருள் பெரும்பாலோருக்கு முதுமையில் எங்கே வாழ்வது என்பது தேர்வுக்குரிய பொருளாக இருந்ததில்லை. முப்பது நாற்பது ஆண்டுகள் பால் மரம் வெட்டிய தொழிலாளி ஓய்வு பெற்ற நாளில், தான் பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்ற லயத்து வீட்டையே காலி செய்ய வேண்டியவராக இருந்தார். வேலை இருக்கும்வரைதான் வீடு. மகனோ மகளோ அதே தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுத்திருந்தால் கூரை நிலைத்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது அக்கூரையும் ஆட்டங்கண்டது. துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தொழிலாளரின் சிறு சிறு தொகைகளைத் திரட்டித் தோட்டங்களை வாங்க முனைந்தது இந்த அச்சத்துக்கு விடையாகத்தான். பின்னர் தோட்டங்கள் செம்பனைக்கும், வீடமைப்புக்கும், கோல்ஃப் திடல்களுக்கும் மாறியபோது வெளியேறியவர்களுள் முதியவர்கள் பலர். நகரத்திலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. பழைய கட்டடங்களுக்கான வாடகைக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டம் 1997இல் இயற்றப்பட்டு 2000 ஜனவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, ஜோர்ஜ் டவுனின் கடைவீடுகளில் பல்லாண்டு வாழ்ந்த முதியவர்கள் ஏறிய வாடகையைத் தாங்க இயலாமல் வெளியேறினர். அவர்கள் இழந்தவை நான்கு சுவர்கள் மட்டும் அல்ல. அஞ்சடியில் நாற்காலி போட்டு அமர்ந்து வருவோர் போவோரோடு பேசிய மாலைப்பொழுதுகளையும் அவர்கள் இழந்தனர். தீவின் வடகரையில் வெயிலைத் தேடி அயலார் குடியேறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், சில மைல் தொலைவில் இது நடந்தது.

மேலே எண்ணிப் பார்த்த தலைமையாசிரியர் பெரும்பாலும் அத்தகைய ஒரு லயத்தில் பிறந்தவராகவே இருப்பார். அவருடைய தாய் லயத்தைவிட்டு வெளியேறியபோது மகன் வீட்டுக்குத்தான் வந்திருப்பார். வேறெங்கும் செல்ல அவருக்கு வழியில்லை. தாய்க்குக் கிட்டாத தேர்வு மகனுக்குக் கிட்டியிருக்கிறது. அதனால் அவர் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று கூறுவது முறையாகாது. தேர்வு கிட்டியவர், அது கிட்டாதவரைவிட நன்றாகச் சிந்திக்கக் கடமைப்பட்டவர் என்று மட்டும் கூறலாம்.

சென்று சேரும் ஊருக்கும் ஒரு சொல் உண்டு. ஓய்வு பெற்றுப் புதிதாய் ஓர் ஊருக்குச் செல்பவர் அவ்வூரின் மருத்துவமனையை, சாலையை, அண்டை வீட்டாரின் பொறுமையைப் பயன்படுத்துகிறார். அவரைப் போன்றோர் மிகுந்தால் நிலத்தின் விலை ஏறும். கம்பத்தில் வாழும் மீனவரின் மகன் தன் தந்தையின் ஊரில் வீடு வாங்க இயலாமற் போகும். தாம் ஒருவர் மட்டும் வருவதால் என்ன ஆகிவிடும் என்று ஒவ்வொருவரும் எண்ணுகின்றனர். இதற்கு ஈடாக அவர் அவ்வூருக்கு எதைத் தருகிறார்? பணம் தருகிறார் என்பது உண்மை. ஆசிரியராக இருந்தவர் அதைவிட மேலான ஒன்றைத் தரக் கூடியவர். நாட்டிலுள்ள ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுள் பல, தோட்டப் பின்னணியும் குறைந்த மாணவர் தொகையும் உடையவை. அத்தகைய பள்ளி ஒன்றில் மாலையில் நான்கு பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுத்தரும் முதியவரை அவ்வூர் அறிந்துகொள்ளும். அவர் இரு நாள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று பிள்ளைகள் கேட்பர். கடலை நோக்கி அமர்ந்திருப்பவரைப் பற்றி அவ்வாறு கேட்பவர் எவரும் இரார்.

இவ்வளவு கூறியதால் கடலை விரும்புவதே பிழை என்றாகாது. முப்பத்தைந்து ஆண்டு வகுப்பறைத் தூசியை உண்டவர் சிறிது உப்புக்காற்றை விரும்பினால் அதைத் தன்னலம் என்று பழிப்பது கொடுமை. பிள்ளைப்பேறு இல்லாதவர் உண்டு. கடலோரத்தில் பிறந்து பணியின்பொருட்டு உள்நாட்டில் வாழ்ந்தவர் உண்டு. அவர்க்கு அது மீட்சி. இன்னொரு வலுவான மறுப்பும் உண்டு. ஊர் என்பது மாந்தரே என்றால், அம்மாந்தர் போன பின் பழைய இடத்தில் எஞ்சுவது என்ன? காஜாங்கின் அந்தத் தாமானிலும் கால்நூற்றாண்டுக்கு முன் குடியேறியவர்கள் பலர் இறந்துவிட்டனர். சிலர் பிள்ளைகளோடு ஆஸ்திரேலியா சென்றுவிட்டனர். வீடுகள் வாடகைக்கு விடப்பட்டு, முகமறியாதவர் வந்து போகின்றனர். சீன மூதாட்டியும் அடுத்த ஆண்டு மகள் வீட்டுக்குச் சென்றுவிடலாம். அங்கே பிடிவாதமாக இருப்பது, தண்ணீர் வற்றிய கிணற்றைக் காவல் காப்பது போன்றது. ஆகவே இருக்கும் இடத்தில் இருப்பதே அறம் என எளிதாக முடிவுகட்டிவிட இயலாது. எந்த இடமாயினும் அங்கே எவர் இருக்கின்றனர், அவர்களுள் எவர் நிலைப்பர், அவர்களுக்குத் தாம் எதற்காக வேண்டப்படுவோம் என்பவற்றைக் கேட்டாக வேண்டும். இக்கேள்விகளோடு பார்த்தால் போர்ட்டிக்சனிலேயே இரு வேறு வீடுகள் உண்டு. ஒன்று கடலை நோக்கிய ஏழாம் மாடி. மற்றொன்று கடல் தெரியாத, லுக்குட் பக்கத்துத் தாமானில், கோயிலும் சந்தையும் நடக்கும் தொலைவில் உள்ள தரைவீடு. மாலையில் பத்து நிமிடம் பேருந்தில் சென்றால் இரண்டாவது வீட்டாருக்கும் கடல் அதே கடல்தான். விலையும் பெரும்பாலும் குறைவு. எனினும் விளம்பரத் தாளில் இரண்டாவது வீட்டின் படம் வருவதில்லை.

செய்யத்தக்க ஒன்று உண்டு. வாங்குவதற்கு முன் ஓராண்டு வாடகைக்கு வாழ்ந்து பார்க்கலாம். அக்டோபர், நவம்பர் மாத மழையும் அதில் அடங்க வேண்டும். அந்த ஓராண்டில் காஜாங் வீட்டை விற்றுவிடலாகாது. கணவர் கடலைப் பார்க்கட்டும். துணைவியார் ஊரைப் பார்க்கட்டும். பேருந்து எத்தனை மணிக்கு, மருந்து எங்கே கிடைக்கும், வெள்ளிக்கிழமை மாலை கட்டுபவர்கள் எவர், பக்கத்துக் கதவுக்குப் பின்னால் ஆள் உண்டா என்பவற்றை அவர் அறிந்துவிடுவார். ஆண்டு முடிவில் வீட்டுப் பத்திரத்தில் எவர் பெயரை எழுதுவது என்பதற்கு முன், அதில் தனியே வாழ நேர்ந்தால் சம்மதமா என்று அவரிடம் கேட்க வேண்டும். மக்களை அருகில் வைத்துக்கொண்டு கேட்பதைவிடத் தனியே கேட்பது நன்று. "உங்கள் விருப்பம்" என்று அவர் மறுபடியும் கூறினால், அதை விடையாக ஏற்றுக்கொள்ளாமல், அவர் வேறு விடை கூறும்வரை காத்திருக்க வேண்டும்.